ஐம்பதுக்குப் பிறகு எங்கள் ரத்தம் யார் கணக்கில்?

"பொம்பளைக்கு ரத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்." பட்டுக்கோட்டையில் இந்த வாக்கியத்தை நான் கேட்காத இடமில்லை. ரேஷன் கடை வரிசையில், பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில், வெள்ளைக் கோட்டு போட்டவர்களின் மேசைக்கு முன்னால். சொல்பவர் யாராக இருந்தாலும் குரலில் ஓர் ஆறுதல் இருக்கும். பயப்படாதே, இது நோயில்லை, பெண்ணாகப் பிறந்தால் இப்படித்தான் என்கிற ஆறுதல். இந்த ஆறுதல் ஆளைக் கொல்லும் என்பதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

சோகை ஓர் அறிகுறி, காய்ச்சலைப் போல. காய்ச்சல் என்றால் எதனால் என்று கேட்கிறோம். சோகை என்றால், அதுவும் பெண்ணுக்கு என்றால், யாரும் கேட்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சின்ன வயதில் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்னும் பெண்ணைப் பார்த்து "உன் கல்யாணத்துல மழைதான் பெய்யும்" என்று கேலி செய்கிறோமே, அந்தப் பழக்கமே இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். கேலியில் தொடங்கி ஆறுதலில் முடிகிறது நம் ஊரில் பெண்ணின் சோகை. நடுவில் கேட்கப்படாமல் போகும் கேள்விக்குப் பின்னால் சில நேரம் இரண்டு சிறுநீரகங்கள் ஓசையில்லாமல் சுருங்கிக்கொண்டிருக்கின்றன.

முதலில் அரசு எங்களை எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) இந்தியாவில் 57 விழுக்காட்டுப் பெண்களுக்குச் சோகை. தமிழ்நாட்டில் 53 விழுக்காடு. இந்தியாவில் ஆண்களுக்கு 25. இந்த எண்களை மேடைதோறும் சொல்கிறோம். எந்தப் பெண்களுக்கு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுக்கு. அதாவது பிள்ளை பெறக்கூடிய வயதில் இருக்கிறவர்களுக்கு. ஐம்பதாவது பிறந்தநாளோடு ஒரு பெண்ணின் ரத்தம் இந்தக் கணக்கெடுப்பிலிருந்து வெளியேறிவிடுகிறது.

2018இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பயனாளிகள் ஆறு வகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஐந்து முதல் ஒன்பது வயதுச் சிறார், பத்து முதல் பத்தொன்பது வயது வளரிளம் பருவத்தினர், இனப்பெருக்க வயதுப் பெண்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். பெண் இந்தப் பட்டியலில் நுழைவது வருங்காலத் தாயாக, நீடிப்பது தாயாக. மாதவிடாய் நின்றவளுக்கு இதில் வரிசையே இல்லை. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து டானிக் கொடுக்கிறார்கள், கார்டு போட்டு மாதாமாதம் ரத்தம் பார்க்கிறார்கள். அது வேண்டும், அதை ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த ரத்தம் யாருக்காகப் பார்க்கப்படுகிறது? அவளுக்காக என்றால், அவள் இன்னும் உயிரோடு இருக்கும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு ஏன் பார்ப்பதில்லை? நாள்பட்ட சிறுநீரக நோய் கூடுதலாகத் தாக்குவது அந்த வயதைத்தான்.

ரத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. சிறுநீரகம் கழிவை வடிகட்டுவதோடு நிற்பதில்லை. உடம்பில் ஆக்சிஜன் குறைகிறது என்று உணர்ந்ததும் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குத் தாக்கல் அனுப்புவதும் அதுதான். சிறுநீரகம் பழுதாகப் பழுதாக அந்தத் தாக்கல் நின்றுபோகிறது. கூடவே ஹெப்சிடின் என்ற இன்னொரு ஹார்மோன் ரத்தத்தில் ஏறுகிறது. அது குடல் வழியாக இரும்பு உள்ளே வருவதையும், உடம்பு சேமித்து வைத்த இரும்பு வெளியே வருவதையும் தடுக்கிறது. எங்கள் டெல்டாக் கணக்கில் சொன்னால், பத்தாயத்தில் நெல் இருக்கிறது, திறக்க வழியில்லை. அந்த வீட்டு வாசலில் இன்னொரு மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவதைப் போன்றதுதான் காரணம் பார்க்காமல் கொடுக்கும் இரும்பு மாத்திரை.

ரத்தம் குறைந்தால் என்ன, களைப்பாக இருக்கும், அவ்வளவுதானே? இல்லை. குறைந்த ரத்தத்தை வைத்து அதே உடம்பை ஓட்ட இருதயம் கூடுதலாக உழைக்கிறது. அதன் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது, பிறகு தளர்கிறது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. சிறுநீரகம் பழுதானவர்களில் பலர் டயாலிசிஸ் படுக்கை வரைக்கும் வந்து சேர்வதே இல்லை. அதற்கு முன்பே இருதய நோயில் போய்விடுகிறார்கள். ஊரில் "மாரடைப்பு, நல்ல சாவு" என்று சொல்லி எடுத்துவிடுகிறோம்.

கண்டுபிடிக்கும் இடத்திலும் பெண்ணுக்கு ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். அது தசையிலிருந்து வருவது. தசை குறைவாக உள்ள உடம்பில் சிறுநீரகம் கெட்டாலும் கிரியேட்டினின் பெரிதாக ஏறாது. 55 வயது ஆணுக்கும் 55 வயதுப் பெண்ணுக்கும் அதே 1.2 என்று வரட்டும். இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கீட்டில் போட்டால் ஆணின் வடிகட்டும் திறன் 71, பெண்ணுடையது 53. 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். ஆனால் பல ஆய்வகங்களின் தாளில் 1.2 என்பது 'நார்மல்' கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரே எண்ணை வைத்து அவர் நலமாக வீட்டுக்குப் போகிறார், அவள் நோயோடு வீட்டுக்குப் போகிறாள், இருவர் கையிலும் ஒரே 'நார்மல்'.

என் சின்னம்மா கீற்று முடைந்தவர். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு அந்த வேலை படுத்துவிட்டது. நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போனார். குனிந்து குனிந்து இடுப்பு வலி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் 'செட் மாத்திரை' கொடுப்பார்கள், அதில் ஒரு வலிமாத்திரை கட்டாயம் இருக்கும். வயலில் ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்கள் பெண்களுக்கு ஒரு வேலைத்திறமை மாதிரி ஆகிவிட்டது. வெயில், வறண்ட உடம்பு, அதற்கு மேல் வலிமாத்திரை: சிறுநீரகத்தைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான சேர்மானம் இல்லை. மூன்று ஆண்டுகளில் நான்கு தடவை அவருக்கு ஹீமோகுளோபின் பார்த்தார்கள். நான்கு தடவையும் 9க்குக் கீழே. நான்கு தடவையும் இரும்பு மாத்திரை, கீரை சாப்பிடச் சொல்லி அறிவுரை. கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகு முதல் முறையாகக் கிரியேட்டினின் பார்த்தபோது அது 7ஐத் தாண்டியிருந்தது. அவரைப் பார்த்த யாரும் கெட்டவர்கள் இல்லை, யாரும் விஷத்தைக் கொடுக்கவில்லை. 56 வயதுப் பெண்ணுக்கு ஏன் ரத்தம் இல்லை என்ற ஒரே ஒரு கேள்வியை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2023இல் தமிழ்நாட்டின் ஐந்து வேளாண் மண்டலங்களில் 125 கிராமங்களைச் சேர்ந்த 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு, நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. 'சர்க்கரை இருந்தால்தான் கிட்னி போகும்' என்று நம்பிக்கொண்டிருக்கும் ஊருக்கு இது புதுச் செய்தி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர் பி.பி. பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார். நல்ல திட்டம், அதை நடத்துவதே எங்கள் பெண்கள்தான். ஆனால் இந்த இரண்டும் சரியாக இருந்து ரத்தம் மட்டும் 8 இருக்கிறவள் அந்த வீட்டு வாசலில் 'ஆரோக்கியமானவள்' ஆகிவிடுகிறாள்.

நோய் தெரிந்த பிறகாவது ஊர் வாயை மூடுமா? ரத்தம் ஊறப் பேரீச்சை, முருங்கைக்கீரை, பீட்ரூட் சாறு, மாதுளை, நாட்டுச் சர்க்கரை என்று ஆளாளுக்குக் கொண்டுவருவார்கள். பட்டுக்கோட்டையில் கேட்கவே வேண்டாம், நோயாளியைப் பார்க்க வருகிறவர் கையில் இளநீர் இல்லாமல் வரமாட்டார். சிறுநீரகம் செயலிழந்த உடம்பில் பொட்டாசியம் வெளியேறாது. இளநீரும் கீரையும் பேரீச்சையும் அந்தப் பொட்டாசியத்தை ஏற்றி இருதயத்தை நிறுத்திவிடக் கூடியவை. சாதாரணச் சோகைக்கு நல்லது செய்யும் அதே பண்டம் இந்தச் சோகையில் எமனாகும். காரணம் தெரியாத வைத்தியம் அன்போடு கொடுக்கப்பட்டாலும் ஆபத்துதான். ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொல்கிற மருமகனுக்கு, மாமியாரின் பொட்டாசியம் எவ்வளவு என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றியதில்லை.

அடுத்து வருவது, ரத்தம் ஏற்றுவது. ஹீமோகுளோபின் 5க்கு வந்த பிறகு ஓட்டமும் நடையுமாக ரத்தம் ஏற்றுகிறார்கள். உயிர் போகும் நேரத்தில் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் முன்கூட்டியே சோகையைக் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியதைத் தவிர்க்காமல் விடுவதன் விலை பெண்ணுக்குத் தனி. பிறர் ரத்தம் ஏறும்போது, அந்த அந்நிய அணுக்களுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்ளலாம். நாளைக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலும் அந்த எதிர்ப்பொருள்கள் அதைத் தாக்கும். பெண்ணுக்கோ கர்ப்பத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. வயிற்றுப் பிள்ளையின் பாதி, தகப்பனுடையது. ஒவ்வொரு பேற்றிலும் அவள் உடம்பு கணவனின் திசுவுக்கு எதிராகப் பழகிக்கொள்ளக் கூடும். ஆகவே கணவன் தர முன்வந்தாலும், பெற்ற பிள்ளை தர முன்வந்தாலும் சில பெண்களுக்கு அது பொருந்தாமல் போகிறது. பிள்ளை பெற்றதற்கு ஒரு தண்டனை, சோகையைக் கவனிக்காமல் விட்டதற்கு இன்னொரு தண்டனை. இரண்டையும் அனுபவிப்பது ஒரே உடம்பு.

கணவன் தர முன்வந்தால் என்று எழுதும்போதே கை நிற்கிறது. எத்தனை பேர் முன்வருகிறார்கள்? தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் தரவுப்படி 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்று சிகிச்சைகளில் 29,695 ஆண்களுக்கு, 6,945 பெண்களுக்கு. உயிரோடு இருந்து உறுப்பு கொடுத்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். மனைவி கொடுக்கிறாள், அம்மா கொடுக்கிறாள், அக்கா கொடுக்கிறாள். "அவரு சம்பாதிக்கிற ஆளு" என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். விடியக்காலை மூன்று வேளைச் சோறு ஆக்கிவைத்துவிட்டு நடவுக்குப் போகிறவள் சம்பாதிக்கிற ஆள் இல்லையா? டயாலிசிஸ் வார்டில் நான் இரண்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். ஆண் படுத்திருக்கும் கட்டில் பக்கத்தில் மனைவி தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருப்பாள். பெண் படுத்திருக்கும் கட்டில் பக்கத்தில் அவள் மகளோ தங்கச்சியோ இருப்பாள். பல நாள் யாருமே இருக்கமாட்டார்கள். மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களும் அங்கே படுத்திருக்கிறார்கள். டயாலிசிஸில் ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெபாரின் போக்கை இன்னும் கூட்டலாம். உன் போக்கு எப்படியிருக்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ரத்தம் ஏன் ஏறவில்லை என்று மட்டும் திட்டு விழும்.

இந்தச் சோகைக்கு மருந்து இல்லையா? இருக்கிறது, நெடுங்காலமாக இருக்கிறது. எரித்ரோபொய்டினை 1977இல் மனிதச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1985இல் அதன் மரபணுவைப் படியெடுத்தார்கள். 1989இல் ஊசியாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பு மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு கிடந்த டயாலிசிஸ் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். இரும்பையும் மாத்திரையாக இல்லாமல் நரம்பு வழியே கொடுத்தால் ஹெப்சிடினின் தடையை ஓரளவு தாண்டலாம். 2022இல் டெசிடுஸ்டாட் என்ற மாத்திரைக்கு இந்தியாவிலேயே அனுமதி கிடைத்தது. மாத்திரைக்குக் குளிர்பெட்டி வேண்டாம், ஊசி போட ஆள் வேண்டாம். மருந்தைக் கண்மூடித்தனமாகக் கொட்டவும் முடியாது. ஹீமோகுளோபினை ஆரோக்கியமானவர் அளவுக்கு, 13க்கும் மேலே ஏற்றப் பார்த்தபோது பக்கவாதமும் இருதயப் பாதிப்பும் கூடியதை 2006, 2009ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. அதனால்தான் பொதுவாக 10க்கும் 11.5க்கும் நடுவில் வைக்கச் சொல்கிறார்கள். இதற்கு மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும், ஃபெரிட்டின் பார்க்க வேண்டும், ஊசியின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். அதாவது அவளை ஒரு ஆளாக மதித்துப் பின்தொடர வேண்டும்.

நடப்பது என்ன? ஊசி இருக்கும் மாதம் உண்டு, வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லும் மாதம் உண்டு. வாங்கினால் ஐஸ் வைத்து எடுத்துவர வேண்டும், இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஓலை வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது? எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள என் சின்னம்மா கெஞ்சிய நாள்கள் உண்டு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தச் சலுகையின் அருமை எங்களுக்குத் தெரியும். தஞ்சாவூருக்குப் போகும் வெளியூர் பேருந்தில் அது செல்லாது. கூடப் போகிறவளுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை வாங்கிப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று டீக்கடையில் நையாண்டி பேசுகிறவர்கள் வந்து பார்க்கட்டும், அது ஆட்டோவுக்கும் ஊசிக்கும் போகிறது.

"இது ஆணுக்கும் வருகிற நோய்தானே, இதில் எதற்குப் பெண்ணியம்?" என்று கேட்பவர்கள் எங்கள் தோழர்களிலேயே இருக்கிறார்கள். வருகிறது. ஆணின் ஹீமோகுளோபின் 9 என்றால் பதறுகிறார்கள், எங்கே ரத்தம் போகிறது என்று வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். பெண்ணின் 9க்குக் காரணம் தயாராக இருக்கிறது, அவள் பெண். உலகளவில் நாள்பட்ட சிறுநீரக நோய் பெண்களிடம்தான் கூடுதல், டயாலிசிஸ் கட்டிலில் கூடுதலாக இருப்பவர்கள் ஆண்கள். 2018இல் உலகச் சிறுநீரக நாளும் உலகப் பெண்கள் நாளும் ஒரே மார்ச் 8இல் வந்தன. அந்த ஆண்டு சிறுநீரக மருத்துவர்களே பெண்களின் சிறுநீரக நலத்தைக் கருப்பொருளாக எடுத்தார்கள். பெண்கள் நாளுக்குக் கோலப்போட்டி நடத்துகிற நாம் அன்று என்ன பேசினோம்? பெண்ணுடல் என்றால் கருப்பை, மாதவிடாய், பிரசவம் என்று நாமும்தானே சுருக்கிக்கொண்டோம். அரசு வகுத்த எல்லைக்குள்ளேயே நின்று அரசோடு சண்டை போட்டோம். பெண்ணுக்குச் சிறுநீரகமும் இருக்கிறது, இருதயமும் இருக்கிறது.

எனவே கேட்கிறேன். பிச்சையாக அல்ல, வரி கட்டுகிறவளாக, ஓட்டுப் போடுகிறவளாகக் கேட்கிறேன்.

எந்த வயதுப் பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் 12க்குக் கீழே நீடித்தால், இரும்பு மாத்திரையோடு அனுப்பிவைக்காமல் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய 'சிறுநீரகம் காப்போம்' திட்டம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர்ச் சோதனைக்கு வழி செய்திருக்கிறது. சோகை என்று வருகிற ஒவ்வொருத்தியையும் அந்த மேசைக்கு அனுப்புங்கள்.

கிரியேட்டினின் எண்ணோடு, வயதையும் பாலினத்தையும் கணக்கிட்டு வடிகட்டும் திறனை எல்லா ஆய்வகத் தாளிலும் அச்சிட வேண்டும். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், கணினியில் ஒரு சூத்திரம் போதும்.

ஐம்பது தாண்டிய பெண்களையும் ஆண்களையும் சோகைக் கணக்கெடுப்பிலும் சோகைத் திட்டத்திலும் சேர்க்க வேண்டும். டயாலிசிஸ் யார் யாருக்குக் கிடைக்கிறது, எரித்ரோபொய்டின் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு ரத்தம் ஏற்றித் தள்ளுகிறார்கள் என்று ஆண் பெண் வாரியாக மாவட்டந்தோறும் வெளியிட வேண்டும்.

ஊசியும் நரம்பு வழி இரும்பும் தாலுகா மருத்துவமனையில் தடையில்லாமல் இருக்க வேண்டும். அங்கேயே குளிர்பெட்டியில் வைத்து அங்கேயே போட வேண்டும். டயாலிசிஸுக்குப் போகும் பெண்ணுக்கும் கூடப் போகிறவருக்கும் எந்தப் பேருந்திலும் கட்டணம் கூடாது. வேலைத்தளத்திலும் நடவு வயலிலும் குடிதண்ணீரும் ஒதுங்க மறைவிடமும் கூலியின் பகுதி. அது முதலாளியின் தருமம் அல்ல.

பெண்களே, உங்களிடமும் ஒன்று. கையில் ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் "இது ஏன் கம்மியா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் "பொம்பளைக்கு அப்படித்தான்" என்று வந்தால் எழுந்திருக்காதீர்கள். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கிட்னி டெஸ்ட் எழுதித் தரும்வரை கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவள் முணுமுணுத்தால் அவளிடமும் சொல்லுங்கள், அவளுக்காகவும் சேர்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று.